முப்பத்தெட்டுப் பக்க ஜாமீன் மனு

ஜாமீன் மனுவின் கடைசிப் பத்தி எல்லா மனுவிலும் ஒன்றேதான். மனுதாரர் தலைமறைவாக மாட்டார், சாட்சிகளைக் கலைக்க மாட்டார், கோர்ட் விதிக்கும் எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படுவார், தகுந்த ஜாமீன்தாரர்களைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். 1989இல் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பிறகு கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஜாப் டைப்பிங் கடை போட்டேன். அந்தப் பத்தியை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ, இப்போது கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன்.

சாதாரண ஜாமீன் மனு மூன்று பக்கம், மிஞ்சினால் ஐந்து பக்கம். குற்ற எண், ஸ்டேஷன் பெயர், பிரிவுகள், ரிமாண்ட் ஆன தேதி, எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார் என்ற கணக்கு. பொய் வழக்கு என்று ஒரு பத்தி, வயதான தாயார் என்று ஒரு பத்தி, அப்புறம் அந்தக் கடைசிப் பத்தி. ஜட்ஜ் யோசிப்பதும் ஏறக்குறைய அதைத்தான். வெளியே விட்டால் ஓடிவிடுவாரா? சாட்சியை மிரட்டுவாரா? மறுபடியும் இதையே செய்வாரா? குற்றம் செய்தாரா இல்லையா என்பது அன்றைக்குத் தீர்மானமாகிற விஷயம் இல்லை. அதற்கு விசாரணை என்று ஒன்று இருக்கிறது.

2023 ஏப்ரலில் நான் அடித்த ஒரு ஜாமீன் மனு முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதைக் கொண்டுவந்தது அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மாமனார் வீட்டில் தறி ஓடுகிறது, இவள் தையல் வேலை பார்க்கிறாள், இரண்டு பிள்ளைகள். புருஷன் ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் கணக்கர், சம்பளம் 16,500. கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அன்று காலைதான் புழல் ஜெயிலில் மனு போட்டுப் புருஷனைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். வக்கீல் கையால் எழுதிய நகலைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் கம்பெனி பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்கு மெருகு போடுகிறவர். 2018இல் தவறிவிட்டார். இன்சூரன்ஸ் பணமும் பட்டறையில் கொடுத்ததுமாகச் சேர்த்து 4 லட்சம் ரூபாயை அந்தக் கம்பெனியில்தான் போட்டேன். லட்சத்துக்கு மாதம் 1,800 ரூபாய் வட்டி. தவறாமல் வந்தது. 2021 தீபாவளிக்கு வரவேண்டிய வட்டி வரவில்லை. கார்த்திகையில் கம்பெனி பூட்டிக் கிடந்தது.

"கண்ணு, உங்க வீட்டுக்காரரு இந்தக் கம்பெனியிலதான் இருந்தாரா?"

"ஆமாங்க்கா. பதினோரு வருஷம்."

"என் பணமும் அதுலதான் போச்சு."

அவள் எழுந்துவிட்டாள். முகத்தைப் பார்க்காமல், "நான் வேற கடையில அடிச்சுக்கிறேங்க்கா" என்று தாள்களுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று இன்று வரை யோசிக்கிறேன். அவள் மேல் இரக்கமா, வக்கீலின் எழுத்தில் அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையா, இரண்டும்தான். வக்கீலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "சாட்சிப் பட்டியல்ல உங்க பேர் இல்லைம்மா. மனசு ஒப்புனா அடிங்க, இல்லைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார். அடித்தேன்.

முதலில் அவள் புருஷன் மேல் இருந்தது போலீஸ் வழக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, 406, 120பி, அதாவது ஏமாற்றுதல், நம்பிக்கை மோசடி, கூட்டுச் சதி, அதோடு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997இல் வந்ததே, அது. அந்த வழக்கில் 2022இல் கைதாகி 52 நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரு நாளும் தவறவில்லை. பிறகு அதே பணம், அதே ரசீதுப் புத்தகம், அதே ஆட்களை வைத்து அமலாக்கத்துறையின் பிஎம்எல்ஏ வழக்கு வந்தது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம். 2023 பிப்ரவரியில் அதில் மறுபடியும் கைது. முதல் வழக்கில் 52 நாள் போதும் என்று கோர்ட் நினைத்த அதே ஆளுக்கு, இரண்டாவது வழக்கில் எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மனு ஏன் முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது என்பது அடிக்க அடிக்கத்தான் புரிந்தது. பிஎம்எல்ஏ சட்டத்தின் 45ஆம் பிரிவு ஜாமீனுக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது. அரசு வக்கீல் எதிர்த்தால், இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று ஜட்ஜுக்குத் திருப்தி வரவேண்டும். வெளியே போனால் எந்தக் குற்றமும் செய்யமாட்டார் என்றும் திருப்தி வரவேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ஜாமீன். அதாவது ஓடமாட்டேன் என்று சொன்னால் போதாது. நான் குற்றவாளி இல்லை என்று இப்போதே, விசாரணை தொடங்கும் முன்பே, உள்ளே இருந்துகொண்டே காட்டவேண்டும். அதனால் வக்கீல் ஒவ்வொரு வவுச்சருக்கும் ஒரு பத்தி எழுதியிருந்தார். எந்த பேங்க் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது, யார் கையெழுத்து, 'தயாரித்தவர்' என்ற இடத்தில் இவர் போட்ட சின்னக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம், இவர் வீட்டுக் கடன் எவ்வளவு, நகை எவ்வளவு. அது ஜாமீன் மனுவாகவே இல்லை. சாட்சி இல்லாமல், குறுக்கு விசாரணை இல்லாமல், தாளில் மட்டுமே நடக்கும் ஒரு முழு வழக்கு. இதற்கு மேல், குற்றத்தில் வந்த பணம் இல்லை என்று காட்டும் பொறுப்பையும் 24ஆம் பிரிவு பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைக்கிறது. அதைக் காட்டுவதற்கான பைல்களோ கைப்பற்றப்பட்டுவிட்டன. ஆளோ புழலில்.

வேறு எந்தக் குற்றத்துக்கும் இல்லாத கடுமை இது என்று சொல்லமாட்டேன். போதைப்பொருள் சட்டத்திலும் இதே மாதிரி உண்டு. ஆனால் தண்டனையைப் பாருங்கள். பிஎம்எல்ஏவில் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. போதைப்பொருள் சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் 10. மரண தண்டனை வரை போகும் கொலை வழக்கில் நான் இந்தக் கையால் நாலு பக்க மனு அடித்து, தொண்ணூறு நாளுக்குள் ஆள் வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிஎம்எல்ஏ 2002இல் இயற்றி 2005 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம். இந்த இரட்டை நிபந்தனையை 2017 நவம்பரில் நிகேஷ் தாராசந்த் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றமே செல்லாது என்று சொன்னது. நீதிபதி நாரிமன் எழுதிய தீர்ப்பு. மறு வருஷமே, 2018 நிதிச் சட்டத்தில் நாலைந்து வார்த்தையை மாற்றி அதே நிபந்தனையை உயிர்ப்பித்தார்கள். 2022 ஜூலை 27ஆம் தேதி விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள். அந்தத் தீர்ப்பு வந்த வாரம் என் கடைக்கு வந்த ஜூனியர் வக்கீல்கள் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அன்று அது வேறு ஏதோ உலகத்துச் சமாச்சாரம். அமைச்சர்கள், பெரிய தொழிலதிபர்கள், டெல்லி. தையல் மெஷினில் வேலை பார்க்கும் ஒரு பெண் இதற்காக என் ஸ்டூலில் வந்து உட்காருவாள் என்று நினைக்கவில்லை.

இந்தச் சட்டம் எளியவரை எட்டாது என்று நினைப்பவர்கள் நம்ம மாவட்டத்து ஆத்தூர்ச் செய்தியை நினைத்துப் பார்க்கவேண்டும். 2023இல் இரண்டு வயதான விவசாயிகளுக்கு அமலாக்கத்துறை சம்மன் வந்தது. காட்டெருமை இறந்ததாக வனத்துறை போட்ட பழைய வழக்குதான் மூலம், அதிலும் அவர்கள் ஏற்கெனவே விடுதலையாகியிருந்தார்கள். எந்தக் குற்றங்களை வைத்து பிஎம்எல்ஏ வழக்கு போடலாம் என்ற அட்டவணையில் வன உயிரினச் சட்டமும் இருக்கிறது, அதனால் சம்மன். பத்திரிகைகளில் பெரிய செய்தியாகி, 2024 தொடக்கத்தில் அந்த விசாரணை முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் கைதாகவில்லை, நல்லவேளை. கைதாகியிருந்தால் அவர்களும் 45ஆம் பிரிவைத்தான் தாண்டி வந்திருக்கவேண்டும்.

அதே பிரிவில் சில விலக்குகள் இருக்கின்றன. பதினாறு வயதுக்குக் கீழே, பெண், நோயாளி, உடல் தளர்ந்தவர் என்றால் கோர்ட் நினைத்தால் இரட்டை நிபந்தனை இல்லாமல் விடலாம். அந்தக் கம்பெனியில் கேஷியராக இருந்த பெண் இந்த வழியில்தான் நாலு மாதத்தில் வெளியே வந்தார். நல்லது, வரவேண்டியதுதான். அதே மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து, அவர் வாங்கிய பணத்துக்குப் பேரேடு எழுதியவர் உள்ளேயே இருந்தார். தொகை ஒரு கோடிக்குக் கீழ் என்றாலும் விலக்கு உண்டு. 'அப்ப அவருக்குக் கிடைக்கணுமேங்க்கா, அவரு வாங்குனது சம்பளந்தானே' என்று கணக்கரின் மனைவி என்னிடம் கேட்டாள். சட்டத்தின் வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தனியாகவோ, குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்களுடன் சேர்த்தோ ஒரு கோடிக்குக் கீழ் என்றுதான் இருக்கிறது. கம்பெனி தூக்கியதோ பல கோடி. முதலாளி எடுத்ததும் சேர்ந்து கணக்கரின் கணக்கில் ஏறிவிடுகிறது.

இன்னொன்று. 2023 அக்டோபர் 3ஆம் தேதி பங்கஜ் பன்சல் வழக்கில், கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்தியைப் படித்ததும் நானே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவருக்கு வாய்மொழியாகச் சொன்னதோடு சரி, தாள் எதுவும் கைக்கு வரவில்லை என்று மனுவில் நானே அடித்திருந்தேன். அந்த டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. எழுத்தில் தரவேண்டும் என்பது பன்சல் தீர்ப்பு நாளிலிருந்துதான், அதற்கு முன்பு கைதானவர்களுக்கு இல்லை. இவர் கைதானது பிப்ரவரியில். எட்டு மாதம் முன்பு பிடிபட்டவருக்கு, தன்னை ஏன் பிடித்தார்கள் என்று எழுத்தில் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "சரிங்க்கா" என்று வைத்துவிட்டாள்.

சென்னை சிறப்பு நீதிமன்றத்தில் அந்த முப்பத்தெட்டுப் பக்கமும் தள்ளுபடி. உயர் நீதிமன்றத்திலும் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போகலாம் என்றார் வக்கீல். டெல்லிக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு அவள் மாமனார் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். நானும் ஏமாந்தவள். எங்களுக்கு முதலீட்டாளர் சங்கம் ஒன்று இருக்கிறது, மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். நான் அந்த மனுவை அடித்துக் கொடுத்தது எப்படியோ தெரிந்துவிட்டது. சூரமங்கலத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த 9 லட்சத்தைப் போட்டவர், எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நீ யாரு பக்கம், சொல்லும்மா. அவனுங்க உள்ள கெடந்தாத்தான் பணத்தைக் கக்குவானுங்க."

அவர் கோபத்தில் தப்பே இல்லை. மகள் கல்யாணம் நின்று போனது. எனக்கும் இரவில் அதே கோபம் வரும். என் வீட்டுக்காரர் புகையிலும் ரசாயனத்திலும் நின்று சம்பாதித்த பணம் அது. ஆனால் அன்றும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அந்தக் கணக்கர் உள்ளே இருந்த ஒவ்வொரு மாதமும் நான் என் பாஸ்புக்கைப் பார்த்தேன், ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. அவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதற்கும் என் பணத்துக்கும் எந்த நூலும் இல்லை. என் பணம் வருவதற்கு வழக்கு நடக்கவேண்டும். வழக்கோ நடக்கவில்லை. ஆள் உள்ளே இருப்பதால் எல்லாருக்கும் ஏதோ நடப்பது போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வாத்தியாரும் அந்த நினைப்பில்தான் இருந்தார், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன்.

பணம் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும், அதில் கொஞ்சத்தைக் கண்ணாலேயே பார்த்தேன். முதலாளி ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட் வாங்கியிருந்தார். அது முடக்கப்பட்ட சொத்து. 2024 ஜனவரியில், என் தம்பி மகன் வண்டியில், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கேட்டில் தகரப் பலகை. உள்ளே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி தாறுமாறாக ஏறிக் கிடந்தது. காபி செடிகளில் பழம் பழுத்து, கறுத்து, கீழே உதிர்ந்திருந்தது. அறுவடைக் காலம் அது. பக்கத்து எஸ்டேட்டில் பெண்கள் கூடை கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள், களத்தில் காபி காய்ந்தது. இங்கே வாட்ச்மேன் ஒருவர்தான். "இந்த வருஷமும் பறிக்க ஆள் வரலைங்கம்மா" என்றார். ஒரு பழத்தைப் பிதுக்கிப் பார்த்தேன், உள்ளே பூச்சி. என் 4 லட்சமும் வாத்தியாரின் 9 லட்சமும் அந்தச் சரிவில்தான் எங்கேயோ இருக்கிறது. அது வருஷா வருஷம் மண்ணில் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 8ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவு, குற்றத்தால் நஷ்டப்பட்டவர்களுக்குச் சொத்தைத் திருப்பித் தரலாம் என்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தரலாம். வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை அது. 2024 டிசம்பரில் நிதியமைச்சர் மக்களவையில், இந்தச் சட்டத்தின் கீழ் 22,280 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகள் திருப்பித் தரப்பட்டதாகச் சொன்னார். அதில் 14,131 கோடி விஜய் மல்லையா வழக்கில் பொதுத்துறை வங்கிகளுக்குப் போனது. வங்கிகளுக்கு அந்த வழி திறக்கிறது என்றால் சேலத்து விதவைக்கும் வாத்தியாருக்கும் திறக்கவேண்டும். எங்கள் சங்கம் கேட்கவேண்டியது அதைத்தான். கணக்கரின் ஜாமீனை எதிர்த்து மனு போட ஆயிரம் ரூபாய் வசூல் என்றபோது நான் கொடுக்கவில்லை. சொத்தைக் கேட்டு மனு போடுவதற்கு இரண்டாயிரம் கொடுத்தேன், அந்த மனுவைக் காசு வாங்காமல் அடித்தும் கொடுத்தேன்.

வழக்கு ஏன் நடக்கவில்லை? முதலில் வந்த போலீஸ் வழக்கு, அதாவது மூல வழக்கு, கோவையில். பணப் பரிமாற்ற வழக்கு சென்னையில். மூல வழக்கில் விடுதலை என்றால் மற்றதும் நிற்காது என்று விஜய் மதன்லால் தீர்ப்பே சொல்கிறது. அதனால் ஒன்று இன்னொன்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கோவையில் எங்களைப் போல ஆயிரக்கணக்கில் முதலீட்டாளர்கள். நாடு முழுக்கவும் நிலைமை இதுதான். 2014 முதல் 2024 வரை பிஎம்எல்ஏவில் 5,297 வழக்குகள், அதில் தண்டனை கிடைத்தது 40 வழக்குகளில் என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசே மக்களவையில் கணக்குக் கொடுத்தது. அந்த 40ஐப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வேலை செய்யவில்லை. ஏமாந்தவளாக அது என்னைச் சுட்டது. முப்பத்தெட்டுப் பக்கத்தை அடித்தவளாகவும் சுட்டது.

என் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சேலம் மத்தியச் சிறை. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி அங்கே 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள், பெரும்பாலும் மலபார்க்காரர்கள். அரசியல் சாசனம் அமலுக்கு வந்து அன்றைக்குப் பதினாறாவது நாள். யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சட்டப்படியான நடைமுறை இல்லாமல் பறிக்கக்கூடாது என்ற 21ஆம் பிரிவுக்கும் அன்று வயது பதினாறு நாள்தான். அதே வருஷம், சென்னை மாகாணத்தில் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் போனார், தோற்றார். ஒரு சட்டம் இருந்தால் போதும், அது நியாயமான சட்டமா என்று கேட்கமுடியாது என்பதுதான் அன்றைய தீர்ப்பு. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் நடைமுறை நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று மாறியது. பிப்ரவரி 11 அன்று செங்கொடியோடு தோழர்கள் அஞ்சலி செலுத்த வருவார்கள். முன்பெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வேன். இந்த மனுவுக்குப் பிறகு இரண்டு வருஷமாகக் கடையை விட்டு எழுந்து போய் ஓரமாக நின்றுவிட்டு வருகிறேன்.

2024 செப்டம்பர் 26ஆம் தேதி செந்தில் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. நீதிபதிகள் ஓகா, மசி. அவர் குற்றவாளியா இல்லையா என்பது என் கேள்வி இல்லை, அதைக் கோர்ட் முடிவு செய்யட்டும். தீர்ப்பில் இருந்த காரணம்தான் எனக்கு முக்கியம். மூல வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 2,000 பேர், 600 சாட்சிகள். இப்போதைக்கு முடியாது. கடுமையான ஜாமீன் நிபந்தனையும் முடிவே இல்லாத தாமதமும் ஒன்றாக இருக்கமுடியாது என்றார்கள். ஒருவரை வருஷக்கணக்கில் உள்ளே வைக்க 45ஆம் பிரிவு ஒரு கருவியாகிவிடக்கூடாது என்றார்கள். ஆகஸ்டில் டெல்லி துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியாவுக்கு 17 மாதத்துக்குப் பிறகு ஜாமீன் கொடுத்தபோதும் இதே அடிப்படைதான்.

நம்ம வக்கீல் அன்று மத்தியானமே என் கடைக்கு வந்தார். "அம்மா, புது மனு. இந்தத் தடவை எட்டே பக்கம்" என்றார். வவுச்சர் பத்திகள் எல்லாம் போயின. எத்தனை மாதம் உள்ளே இருக்கிறார், எத்தனை சாட்சி, குற்றச்சாட்டு இன்னும் பதிவாகவில்லை, எப்போது முடியும் என்று யாராலும் சொல்லமுடியவில்லை. அவ்வளவுதான். கடைசிப் பத்தி வந்தபோது பழைய பத்தியே மறுபடியும் வந்தது. தலைமறைவாக மாட்டார், சாட்சிகளைக் கலைக்க மாட்டார்.

நவம்பரில் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. உள்ளே இருந்தது 21 மாதம். ஜாமீன்தாரர்களுக்கு வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பிரமாணப் பத்திரம் எல்லாம் என் கடையில்தான் தயாரானது. மாமனார் தறியை ஈடாக வைக்க முடியுமா என்று கேட்டார், அது செல்லாது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார்.

இது நடந்ததை நான் முழு வெற்றியாகப் பார்க்கவில்லை. அவருக்கு ஜாமீன் கிடைத்தது 45ஆம் பிரிவு மாறியதால் இல்லை. அதைத் தாண்டிப் போக உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இருப்பதால். முதல் படியில் இருக்கும் சிறப்பு நீதிமன்றம் இன்றும் அதே இரட்டை நிபந்தனையைத்தான் கையில் வைத்திருக்கிறது. மேலே போகக் காசு இல்லாதவர் அங்கேயே நிற்கவேண்டியதுதான். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவில், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் விடவேண்டும் என்று இருக்கிறது. ஏழு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு 28 மாதம். பரவாயில்லை என்று நினைக்கும்போதே கீழே உட்பிரிவு 2 வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. பிஎம்எல்ஏ வழக்கு என்றாலே மூல வழக்கு ஒன்று இருக்குமே? அதை எழுதியவர்கள் இந்த இடத்தை மறுபடியும் எடுத்துப் பார்க்கவேண்டும்.

அவர் தெரிந்துதான் கணக்கு எழுதினாரா? பதினோரு வருஷம் பேரேடு எழுதியவருக்குக் கம்பெனியில் ஓட்டை விழுந்தது தெரியாமலா இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும் நாளும் உண்டு. 16,500 சம்பளக்காரன் முதலாளியைக் கேள்வி கேட்டிருக்க முடியுமா என்று தோன்றும் நாளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் சாட்சிக் கூண்டு இருக்கிறது. என்னைக் கூப்பிட்டால் ஏறி நின்று, ரசீதைக் காட்டி, நடந்ததைச் சொல்வேன்.

சாட்சிகளையோ முதலீட்டாளர்களையோ சந்திக்கக்கூடாது என்பது அவருடைய ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று. அதனால் அவரிடம் நான் இது வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் எதிரே வந்தார். போட்டோவில் பார்த்ததைவிட ரொம்ப இளைத்திருந்தார், தலை பாதி நரைத்திருந்தது. என்னை யார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கவேண்டும். நின்றார், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் கடந்து போனார். ஞாயிற்றுக்கிழமை இரவு எழும்பூர் ரயிலில் போய்த் திங்கள் காலையில் சென்னையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாராம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறார், வாரத்தில் ஐந்து நாள்.

எங்கள் சொத்து மனுவைக் கோர்ட் இன்னும் பதிவு செய்து நம்பர் கொடுக்கவில்லை. முதல் முறை ரிட்டர்ன் வந்தது, இணைப்புப் பட்டியலில் ஒரு ரசீது விட்டுப்போயிற்று என்று. அது வாத்தியாருடைய ரசீது. நேற்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஜெராக்ஸ் எடுத்து, பட்டியலைத் திருத்தி, பக்க எண் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் தாக்கல்.